வடசென்னையில் பிசியோதெரபி நிலையம் நடத்துபவர் நேர்மையாக விளம்பரம் செய்வது எப்படி

பழைய வண்ணாரப்பேட்டையிலோ மூலக்கடையிலோ சிறிய பிசியோதெரபி நிலையம் ஒன்றைத் தொடங்குபவருக்கு முதல் ஆறு மாதங்கள் எப்படிக் கழியும் என்பது இத்தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். கடைக்குப் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்திருப்பார். ஐஎஃப்டி எனும் மின்தூண்டல் கருவி, வலிக்கும் இடத்தில் ஒலியலை செலுத்தும் அல்ட்ராசவுண்ட் கருவி, முதுகை இழுத்து நீட்டும் ட்ராக்ஷன் மேசை ஆகியவற்றுக்குத் தவணை ஓடிக்கொண்டிருக்கும். நாளொன்றுக்கு நான்கு நோயாளிகள் வருவார்கள். மழை பெய்து தெருவில் தண்ணீர் நின்றால் அந்த நால்வரும் வரமாட்டார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் யாரோ ஒருவர் தொலைபேசியில் அழைத்து, மாதம் இவ்வளவு கொடுத்தால் கூகுளில் இருநூறு ஐந்து நட்சத்திரக் கருத்துகள் ஏற்றித் தருவதாகச் சொல்வார். பக்கத்துத் தெரு எலும்பு மருத்துவரின் உதவியாளர் வந்து நின்று, "சார் ஆள் அனுப்புவாரு, நீங்க பாத்து செய்ங்க" என்பார். அந்த நேரத்தில் அமர்ந்திருக்கும் இளம் பிசியோதெரபிஸ்டை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன், ஏனெனில் நானும் அதே நாற்காலியில் அமர்ந்திருந்தவன்.

விளம்பரம் செய்வதே இழிவு என்று கருதும் மூத்தவர்கள் எங்களில் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு தினசரிப் பயிற்சி தேவை என்பதே தெரியாமல் கட்டிலில் கிடக்கும் மனிதர்கள் கொருக்குப்பேட்டைச் சந்துகளில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும். ஆனால் எங்கள் தொழிலின் விளம்பரத்துக்கு மற்றவற்றில் இல்லாத ஓர் அபாயம் இருக்கிறது. எம்.சி. ரோட்டுத் துணிக்கடையின் விளம்பரம் பொய்த்தால் வாங்கியவருக்குக் காசு நட்டமாகும், அதோடு முடிந்தது. பிசியோதெரபி விளம்பரம் அச்சத்தை விதைத்தால், அதைப் படித்தவர் உங்கள் வாசற்படியை மிதிக்கும் முன்பே அவருடைய முதுகு சற்றுக் கெட்டுப்போயிருக்கும். இது மிகைப்படுத்தல் இல்லை என்பதை முதலில் விளக்கிவிட்டால், மற்ற வழிமுறைகள் தாமாகவே விளங்கும்.

பலகையில் எழுதும் சொல்

"முதுகெலும்பு தேய்கிறதா? இன்று கவனிக்காவிட்டால் நாளை நடக்க முடியாது!" என்பது போன்ற வாசகங்களைத் திருவொற்றியூர் நெடுஞ்சாலை நெடுகிலும் பார்க்கலாம். இதைப் படிக்கும் பெண்மணி காசிமேட்டிலிருந்து மீன் கூடை எடுத்து வந்து தெருத்தெருவாக விற்பவர் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஒரு வாரமாக இடுப்பு வலி. பலகையைப் படித்த நாள் முதல் அவர் குனிய அஞ்சுகிறார். தண்ணீர்க் குடத்தைத் தூக்க மகளைக் கூப்பிடுகிறார். வலிக்கும்போதெல்லாம் உள்ளே எலும்பு அரைபடுவதாகக் கற்பனை செய்கிறார். அசையாத தசை இறுகுகிறது, பயந்த உடல் சிறு வலியையும் பெரிதாக உணர்கிறது, இரண்டு வாரத்தில் அடங்கியிருக்க வேண்டிய வலி இரண்டு மாதமாக நீள்கிறது. முதுகுவலி நாட்பட்டதாக மாறுவதற்குரிய காரணங்களில், அசைந்தால் ஏதோ உடைந்துவிடும் என்ற இந்த அச்சமும் ஒன்று என்பது கல்லூரியில் நாம் எல்லோரும் படித்ததுதான். படித்ததை மறந்துவிட்டு ஃபிளெக்ஸ் அடிக்கிறோம்.

"தேய்மானம்" என்ற சொல்லையே சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த 33 ஆய்வுகளை, அதாவது 3,110 பேரின் படங்களை, ஒன்றுசேர்த்த ஒரு தொகுப்பாய்வு 2015இல் வெளிவந்தது. அதன்படி, வலியே இல்லாத 20 வயதினரிலேயே 37 சதவீதத்தினருக்கு முதுகெலும்புத் தட்டில் தேய்மானத்தின் அடையாளம் இருக்கிறது. 80 வயதினரில் அது 96 சதவீதம். தலைநரையைப் போல வயதோடு வரும் ஒன்றை நோய் என்று பலகையில் எழுதினால், நாற்பது வயதைத் தாண்டிய எவரையும் நம் நிலையத்துக்கு இழுத்துவிடலாம். அதனாலேயே அந்தச் சொல்லுக்கு விளம்பரத்தில் இவ்வளவு மவுசு. "ஜவ்வு விலகிடுச்சாம்" என்று யாரோ சொல்லியதைக் கேட்டுப் பத்து ஆண்டுகளாகத் தரையில் உட்காராமல் இருக்கும் மனிதர்களை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன். அவர்கள் ஜவ்வு என்று சொல்லும் முதுகெலும்புத் தட்டின் விலகிய பகுதி பலருக்குச் சில மாதங்களில் தானாகவே சுருங்கிவிடுகிறது என்பதை அவர்களுக்கு எந்தப் பலகையும் சொன்னதில்லை.

விளம்பரத்தால் நோயைக் கூட்ட முடியுமென்றால் குறைக்கவும் முடியும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1997 முதல் 1999 வரை தொழிலாளர் இழப்பீட்டு அமைப்பு தொலைக்காட்சி வழியாக ஒரு பெரும் பிரசாரத்தை நடத்தியது. முதுகுவலி வந்தால் படுத்துக் கிடக்காதீர்கள், இயங்கிக்கொண்டே இருங்கள், ஸ்கேனும் அறுவை சிகிச்சையும் பெரும்பாலோருக்குத் தேவைப்படாது என்பதே அதன் சாரம். அத்தகைய பிரசாரம் இல்லாத பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸோடு ஒப்பிட்டபோது, விக்டோரியாவில் முதுகுவலி பற்றிய மக்களின் எண்ணமும் மருத்துவர்களின் எண்ணமும் மாறியிருந்ததோடு, முதுகுவலிக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகளும் குறைந்தன. ஒரு நோயாளியைக்கூடத் தொடாமல், வெறும் சொற்களாலேயே செய்த சிகிச்சை அது.

ஆகவே பலகை எழுதும்போது நான் கடைப்பிடிக்கும் முறை இதுதான்: நோயாளி மேசையில் படுத்திருக்கும்போது அவர் முகத்தைப் பார்த்து எதைச் சொல்வேனோ, அதை மட்டுமே தெருவில் எழுதுவேன். "இடுப்பு வலியா? பெரும்பாலும் சில வாரங்களில் குறைந்துவிடும். எப்படி அசைவது, எப்படித் தூக்குவது என்று கற்றுக்கொள்ள வாருங்கள்" என்று எழுதலாம். இது கூட்டத்தை இழுக்காது என்று பலகை வரைபவர் சொல்வார். ஓரளவுக்கு அது உண்மைதான். அச்சுறுத்தும் பலகையளவுக்கு இழுக்காது. அதோடு, எந்தெந்த அறிகுறி இருந்தால் பிசியோதெரபிக்கு வராமல் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் துண்டுப் பிரசுரத்தின் ஒரு மூலையில் சேருங்கள்: சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, இரு கால்களும் பலமிழப்பது, முதுகுவலியோடு மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் இருப்பது. கடைசியாகச் சொன்னது முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். அதற்குக் கரண்டு, அதாவது மின்தூண்டல், வைத்துக்கொண்டு ஒரு மாதத்தை வீணடிப்பவர்கள் நம் பகுதியில் இல்லாமல் இல்லை.

காலம் குணப்படுத்தியதை நம் கணக்கில் எழுதுவது

நாம் பார்க்கும் கோளாறுகளில் கணிசமானவை தாமாகவே குறையக்கூடியவை. திடீரென வாய் கோணிக்கொள்ளும் முகவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வைரஸ் சார்ந்ததாகக் கருதப்படும் அந்த வகை முகவாதத்தில், எந்தச் சிகிச்சையும் இல்லாமலே சுமார் 70 சதவீதத்தினர் முழுமையாகத் தேறிவிடுகிறார்கள். எனவே முதல் நாள் கோணிய முகத்தையும் ஆறாம் வாரம் நேரான முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு "எங்கள் சிகிச்சையின் வெற்றி" என்று எழுதுவது எந்த நிலையத்துக்கும் எளிது. இதில் இன்னொரு கேடும் ஒளிந்திருக்கிறது. முகவாதம் வந்தவருக்கு முதல் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு மாத்திரையே தேறும் வாய்ப்பைக் கூட்டுகிறது. அந்தப் படத்தை நம்பி மருத்துவரைத் தாண்டி நேராக நம்மிடம் வருபவர், நம் மின்தூண்டலுக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கும் அந்த மூன்று நாட்களில் உண்மையான மருந்துக்குரிய நேரத்தை இழக்கிறார்.

மறுபுறம், தோள் இறுக்கம் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை இழுக்கக்கூடியது. அதற்கு "பத்தே சிட்டிங்கில் கை மேலே தூக்கும்" என்று எழுதினால், பதினோராம் நாள் கை தூக்காத நோயாளி தன்னையே நொந்துகொள்வார். முழங்கால் மூட்டுத் தேய்மானத்தில் பயிற்சி வலியைக் குறைக்கும், நடையை மேம்படுத்தும். தேய்ந்த குருத்தெலும்பை அது வளர்க்காது. "ஆபரேஷன் இல்லாமல் மூட்டு புதிதாகும்" என்னும் வாசகம் ஒரு பொய் மட்டுமன்று; அறுவை சிகிச்சை உண்மையிலேயே தேவைப்படும் ஒரு மூதாட்டியை இரண்டு ஆண்டு வீட்டுக்குள் முடக்கிவைக்கும் பொய்.

சட்டமும் இதில் கண்மூடி இருக்கவில்லை. பக்கவாதம், வாதநோய் முதலான பல நோய்களைக் குணப்படுத்தும் என்று மருந்துகளை விளம்பரப்படுத்துவதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம் தடைசெய்கிறது. நிலையத்தில் எண்ணெயும் தைலமும் சேர்த்து விற்பவர்கள் இதைப் படித்துப் பார்ப்பது நல்லது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தவறாக வழிநடத்தும் விளம்பரத்தை நிறுத்தவும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் அதிகாரம் பெற்றது. 2022 ஜூனில் அது வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு: விளம்பரத்தின் வாசகம் எந்த மொழியில் இருக்கிறதோ, அதற்கான நிபந்தனையும் அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும். மேலே தமிழில் "100 சதவீதம் குணம்" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, அடியில் நட்சத்திரக் குறியோடு ஆங்கிலத்தில் எறும்பு எழுத்தில் "முடிவுகள் ஆளுக்கு ஆள் மாறும்" என்று போடும் நம் ஊர் வழக்கத்துக்கு இந்த விதி நேராகப் பொருந்துகிறது.

கவர் கொடுக்கும் பழக்கம்

இதுவே இத்தொழிலின் புண். அதனால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நிலையம் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் ஒரு எலும்பு மருத்துவர் எனக்கு நோயாளிகளை அனுப்பத் தொடங்கினார். மாத இறுதியில் அவருடைய உதவியாளர் வருவார். நான் கட்டணத்தில் 30 சதவீதத்தைக் கவரில் வைத்துக் கொடுப்பேன். எல்லோரும் செய்வதுதானே என்று நான்கு மாதம் கொடுத்தேன். ஐந்தாம் மாதம் வருமான வரிக்காகக் கணக்கு நோட்டைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. அவர் அனுப்பிய இடுப்பு வலி நோயாளிகளுக்கு நான் சராசரியாகப் பத்துப் பன்னிரண்டு சிட்டிங் சொல்லியிருந்தேன். தாமாக வந்தவர்களுக்கு ஐந்தோ ஆறோ. வேண்டுமென்றே அப்படிச் செய்யவில்லை என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் செய்ய முடியும். கவர் கொடுத்த கை, தானாகவே சிட்டிங்கைக் கூட்டி எழுதியிருக்கிறது. சிட்டிங்குக்கு 400 ரூபாய் என்றால் பத்துக்கு 4,000. அதில் 1,200 கவருக்குப் போகிறது. அந்த 1,200ஐ நானும் தரவில்லை, மருத்துவரும் தரவில்லை. பேசின்பாலம் அருகே மூட்டை தூக்கும் ஒருவர் மூன்று நாள் கூலியை இழந்து கொடுத்திருக்கிறார், தான் கொடுக்கிறோம் என்பதே தெரியாமல்.

பரிந்துரைக்குக் கமிஷன் கொடுப்பதையும் பெறுவதையும் 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் குழும நடத்தை விதிகள் மருத்துவர்களுக்கு வெளிப்படையாகத் தடைசெய்திருக்கின்றன. விதி மருத்துவரைத்தானே கட்டுப்படுத்துகிறது, நம்மை இல்லையே என்று சிலர் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். வாங்குபவருக்குக் குற்றமாக இருப்பது கொடுப்பவருக்கு எப்படி வியாபாரமாகும் என்ற கேள்விக்கு அவர்களிடமிருந்து எனக்கு இதுவரை பதில் கிடைக்கவில்லை. மருத்துவர் மட்டுமன்றி ஸ்கேன் சென்டர் பணியாளர், வார்டு உதவியாளர், மருந்துக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர் என்று இந்தச் சங்கிலி நீள்கிறது. தீபாவளிக்கு மருத்துவர் வீட்டுக்குப் போகும் வெள்ளிக் குத்துவிளக்கும் பெயர் மாறிய கவர்தான்.

மறுப்பது எப்படி என்பதே உங்கள் கேள்வியாக இருக்கும். சண்டை போட்டு மறுக்க வேண்டியதில்லை. "என்னுடைய கட்டணம் குறைவு, பங்கு கொடுக்க இடமில்லை; அதற்குப் பதிலாக நீங்கள் அனுப்பும் ஒவ்வொருவரைப் பற்றியும் உங்களுக்குக் கடிதம் வரும்" என்று சொல்லுங்கள், சொன்னபடி எழுதுங்கள். நோயாளி வந்தபோது முழங்கால் எத்தனை டிகிரி மடங்கியது, மூன்று வாரத்துக்குப் பிறகு எத்தனை, படி ஏற முடிகிறதா, எதில் முன்னேற்றம் இல்லை, மறுபடி நீங்கள் பார்க்க வேண்டுமா என்று அரைப் பக்கம் போதும். எனக்கு ஆள் அனுப்புவதை அந்த மருத்துவர் உடனே நிறுத்தினார். எட்டு மாதம் சிரமப்பட்டேன். வேறு இரண்டு மருத்துவர்கள் கடிதத்துக்காகவே அனுப்பத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். அந்த எட்டு மாதத்தைத் தாங்குமளவுக்குக் கையிருப்பு வைத்துக்கொண்டு கடை திறப்பதும், தேவையில்லாத இயந்திரத்தைத் தவணையில் வாங்காமல் இருப்பதும் நேர்மைக்கான முன்னேற்பாடுகளே.

இயந்திரங்களைப் பற்றிச் சொல்ல வந்ததால் ஒரு குறிப்பு. எந்தச் சிகிச்சை பயன் தரும் என்று ஆராய்ந்து சொல்லும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இடுப்பு வலிக்கு அல்ட்ராசவுண்ட், டென்ஸ் எனும் இன்னொரு மின்தூண்டல், ஐஎஃப்டி, ட்ராக்ஷன் ஆகிய எதையும் அளிக்க வேண்டாம் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. "கரண்டு வெச்சாதான் வைத்தியம்" என்று நோயாளியே கேட்கும் ஊரில் அவற்றை முழுவதும் விலக்குவது எனக்கும் கைகூடவில்லை. ஆனால் விளம்பரத்தில் அவற்றின் படத்தைப் போட்டு "ஜெர்மன் தொழில்நுட்பம்" என்று எழுதுவதை விலக்க முடியும், விலக்கியிருக்கிறேன்.

முன்பணத் திட்டங்கள்

பதினைந்து சிட்டிங்குக்கு முன்பணம் கட்டினால் மூன்று இலவசம் என்னும் திட்டத்தில் அடிப்படைக் கோளாறு ஒன்று உள்ளது: எத்தனை சிட்டிங் தேவை என்பது நோயாளியைப் பரிசோதித்த பிறகே, அதுவும் மூன்று நான்கு முறை பார்த்த பிறகே தெரியும். முன்பே பதினைந்து என்று விற்றுவிட்டால், ஆறாவதில் குணமானவரை அனுப்ப மனம் வராது. நான்காவதில் முன்னேற்றம் இல்லாதவரை மருத்துவரிடம் திருப்பி அனுப்பவும் மனம் வராது. பக்கவாதம், மூளை முடக்குவாதம், தசைநார் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மறுபயிற்சி போன்று பல மாதங்கள் உறுதியாகத் தேவைப்படும் நிலைகளில் மட்டும், குடும்பத்தின் செலவைக் குறைப்பதற்காகத் தொகுப்புக் கட்டணம் வைக்கலாம். அப்போதும் பயன்படுத்தாத சிட்டிங்குக்குரிய பணம் முழுவதும் திருப்பித் தரப்படும் என்று ரசீதிலேயே தமிழில் அச்சிடுங்கள். "இன்றே கடைசி நாள்" என்னும் சலுகையை மூட்டு வலியோடு சேர்த்து விற்பதைப் பற்றி நான் விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

இலவச முகாம்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். வலை இழுத்துத் தோளும் இடுப்பும் பழுதான மீனவர்கள் அந்த இரண்டு மாதமும் கரையில் இருப்பார்கள். அவர்களிடம் நேரம் இருக்கும், பணம் இருக்காது. முகாம் நடத்துபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சமுதாயக் கூடத்தில் மேசை போட்டு, பாதத்தை ஒரு கருவியின்மேல் வைக்கச் சொல்லி, சிவப்பும் மஞ்சளுமாக ஒரு தாளை அச்சிட்டுக் கொடுத்து, "பாருங்கள், எவ்வளவு சிவப்பு" என்று சொல்லி, நிலையத்துக்கு வரச் சொல்லும் முகாம்கள் அப்போது பெருகும். செப்டம்பர் 8, உலக பிசியோதெரபி தினத்தை ஒட்டியும் இவை நடக்கும்.

முகாம் நடத்துங்கள், ஆனால் முகாமிலேயே முடியக்கூடியதை முகாமிலேயே முடித்துக்கொடுங்கள். தடைக்காலத்தில் வரும் மீனவருக்குத் தேவையானது தோளுக்கு நான்கு பயிற்சி, அவற்றை வலை பின்னும் இடத்திலேயே எப்படிச் செய்வது என்ற விளக்கம், படம் போட்ட ஒரு தாள். பத்தில் ஏழு எட்டுப் பேரை அப்படியே வீட்டுக்கு அனுப்பலாம் என்பது என் அனுபவம். தொடர் சிகிச்சை தேவைப்படுபவரிடம் உங்கள் நிலையத்தின் முகவரியைக் கொடுக்கும் அதே தாளில், ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி இலவசமாகக் கிடைக்கும் என்பதையும், 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நடக்க இயலாதவர்களின் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கும் ஏற்பாடு உள்ளது என்பதையும் அச்சிடுங்கள். பட்டறையில் விரல் நசுங்கியவர் முகாமுக்கு வந்தால், கை மறுவாழ்வுக்கென்றே தனிப் பிரிவு ஸ்டான்லியில் இருக்கிறது, அங்கே போங்கள் என்று கையெழுத்துப் போட்டே அனுப்புங்கள். நோயாளியை நீங்களே கோட்டைவிடுகிறீர்கள் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். இரண்டு பேருந்து மாறி ஸ்டான்லிக்குப் போய் வரிசையில் நிற்க முடிந்தவர் போகட்டும்; முடியாதவர் தெரிந்தே உங்களிடம் வருவார், அந்த "தெரிந்தே" என்பதில்தான் வித்தியாசம்.

முகாமில் வாங்கும் தொலைபேசி எண்களை, அழைக்கலாமா என்று கேட்டு ஒப்புதல் பெற்றவர்களுடையதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றத் தாள்களை அன்று மாலையே கிழித்துவிடுங்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது என்பது ஒரு காரணம். நோயின் பெயரும் வீட்டு எண்ணும் சேர்ந்த தாள், பக்கத்துத் தெருவில் யார் கண்ணிலும் படக்கூடாதது என்பது அதைவிடப் பழைய காரணம்.

நோயாளியின் முகமும் நாவும்

கழுத்தைத் திருப்பிச் சொடக்கும் ஓசையை ஒலிவாங்கியில் பிடித்துப் போடும் ரீல்களுக்கு இப்போது பெரும் வரவேற்பு. அந்த ஓசை மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழால் எழுவது; "விலகிய எலும்பு உள்ளே போனது" என்று தலைப்பிடுவது பொய். அதைப் பார்த்து வீட்டில் தம்பியின் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பவர்களும் இருப்பார்கள் என்பதை யோசித்தாலே போதும்.

நோயாளியைப் படம் எடுப்பதற்கு முன் தமிழில் எழுதிய ஒப்புதல் தாள் வேண்டும். எங்கே வெளியிடப்படும், எப்போது கேட்டாலும் நீக்கப்படும் என்பவை அதில் இருக்க வேண்டும். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது கேட்கக்கூடாது. "டாக்டர் தம்பி கேட்கிறார், எப்படி மாட்டேன் என்று சொல்வது" என்ற தயக்கத்தில் தலையாட்டுபவர்களே நம் பகுதியில் அதிகம். சிகிச்சை முடிந்து இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் கேட்டால் மறுக்க அவருக்கு இடம் கிடைக்கும். பக்கவாதத்தால் பேச்சிழந்தவருக்கு மகன் கையெழுத்திட்டாலும் நான் படம் எடுப்பதில்லை. மூளை முடக்குவாதக் குழந்தைகளின் முகத்தை இசை சேர்த்து வெளியிடுவதைப் பார்க்கும்போது எனக்கு எழும் கோபத்தை இங்கே எழுதினால் கட்டுரையின் நடை கெடும்.

கூகுள் கருத்துகளைப் பொறுத்தவரை, சலுகை கொடுத்துக் கருத்து வாங்குவதை அந்நிறுவனத்தின் விதிகளே தடைசெய்கின்றன. இணையவழி நுகர்வோர் கருத்துகளுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைப்பும் 2022இல் ஐஎஸ் 19000 என்ற தரத்தை வகுத்திருக்கிறது. சிகிச்சை முடிந்த எல்லோரிடமும் ஒரே மாதிரியாகக் கேளுங்கள், சிரித்துக்கொண்டு போகிறவரிடம் மட்டும் கேட்காதீர்கள். குறை சொல்லி எழுதியவருக்குப் பதில் எழுதும்போது அவருடைய நோயைப் பற்றி ஒரு சொல்கூடப் பொதுவில் எழுதக்கூடாது. அவர் நம் நோயாளி என்பதை உறுதிப்படுத்துவதுகூட அவர் இரகசியத்தை வெளியிடுவதுதான்.

பெயர்ப் பலகை

டாக்டர் என்ற முன்னொட்டைப் பற்றிய வழக்கு நீளமானது. 2025 செப்டம்பரில் மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் பிசியோதெரபிஸ்டுகள் அதைப் பயன்படுத்தக்கூடாது என்று கடிதம் எழுதியதும், உடனடியாக அதை மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொண்டதும் எல்லோரும் அறிந்தவை. தமிழில் நம்மை இயன்முறை மருத்துவர் என்றே அழைப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. எப்படித் தீர்ப்பு வந்தாலும், நீங்கள் செய்யக்கூடியது எளிது: பெயருக்கு அருகிலேயே, பெயரின் அளவுக்கே பெரிய எழுத்தில், பிசியோதெரபிஸ்ட் என்று தமிழில் எழுதுங்கள். மருந்துச் சீட்டு கேட்டு வருபவர் வாசலிலேயே புரிந்துகொள்வார். பலகையைச் சொந்தச் சுவருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கரணையில் 2019 செப்டம்பரில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண் இறந்த பிறகும் நடைபாதையில் கம்பம் நடும் நிலையங்கள் இருக்கின்றன. உடல் நலம் விற்கும் கடைக்கு அது கொஞ்சமும் பொருந்தாது.

பிறகு எதைத்தான் செய்வது

வியாசர்பாடியில் சந்துக்குச் சந்து கால்பந்து ஆடுகிறார்கள். ஞாயிறு காலை மைதானத்துக்குப் போய், முழங்கால் தசைநார் அறுபடாமல் இருக்க ஆட்டத்துக்கு முன் செய்ய வேண்டிய பயிற்சிகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஆட்டோ நிறுத்தத்தில் கால் மணி நேரம் நின்று, நீண்ட நேரம் உட்கார்ந்து ஓட்டுபவர் இடையிடையே இறங்கி என்ன செய்யலாம் என்று காட்டுங்கள். பெரம்பூரில் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கள் மாலையில் கூடும் இடத்தில், முதுமையில் தடுக்கி விழாமல் இருக்கும் சமநிலைப் பயிற்சிகளைப் பற்றிப் பேசுங்கள். இவை மெதுவாகவே ஆள் கொண்டுவரும், ஆனால் வருபவர் பயந்து வரமாட்டார். நிலையத்தின் உள்ளே பரிசோதனைக் கட்டணம், சிட்டிங் கட்டணம், வீட்டுக்கு வந்து பார்க்கும் கட்டணம் ஆகியவற்றைச் சுவரில் தமிழில் மாட்டுங்கள். ஆளைப் பார்த்து விலை சொல்லும் சந்தேகம் அதோடு ஒழியும்.

கடைசியாக, தொலைபேசியை எடுப்பவரைப் பயிற்றுவிக்க மறந்துவிடாதீர்கள். பலகையில் எவ்வளவு நேர்மையாக எழுதினாலும், வரவேற்பில் இருக்கும் பெண் "கண்டிப்பா சரியாயிடும் சார், உடனே வாங்க" என்று சொல்லிவிட்டால் எல்லாம் வீண். அவரைக் குறை சொல்லவும் முடியாது, வேறு விதமாகச் சொல்ல நாம் கற்றுத்தரவில்லை. எங்கள் நிலையத்தில் தொலைபேசிக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எத்தனை நாளில் சரியாகும் என்று கேட்பவருக்குச் சொல்ல வேண்டியது அதில் இப்படி எழுதியிருக்கிறது: "பாக்காம சொல்ல முடியாதுங்க. ஒரு தடவ வந்து காட்டுங்க, பரிசோதனைக்கு முந்நூறு ரூபா. எத்தன தடவ வரணும், வரவே தேவையில்லையான்னு அவரே சொல்வாரு. காய்ச்சல், ஒண்ணுக்குப் போறதுல சிரமம், கால் மரத்துப்போறது ஏதாவது இருக்குதாங்க? இருந்தா இங்க வராதீங்க, மொதல்ல ஸ்டான்லிக்குப் போங்க."